டிசம்பர்ல கேதார்நாத் நடை திறந்திருக்காது

அண்ணா, டிசம்பர்ல போனா கூட்டமில்லாம கேதார்நாத் தரிசனம் பண்ணலாம், கோயில் பக்கத்துலயே கார் போகும்னு போட்டிருக்கீங்க, ரெண்டுமே தப்பு, தயவுசெஞ்சு மாத்திடுங்க, இதை நம்பி யாராவது வயசான அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டுடப் போறாங்க. நடை அட்சய திருதியை ஒட்டி திறந்து, தீபாவளி முடிஞ்சு வர்ற பாய் தூஜ் அன்னிக்கு சாத்திடுவாங்க. அப்புறம் ஆறு மாசம் உற்சவரை பல்லக்குல கொண்டுபோய் கீழ ஊக்கிமடம்ங்கற ஊர்ல இருக்கற ஓங்காரேஸ்வரர் கோயில்ல வெச்சுதான் பூஜை. பனிக்காலத்துல போறவங்க அங்க தாராளமா தரிசனம் பண்ணலாம், அருமையான பழைய கோயில்.

கார் சோன்பிரயாக் வரைக்கும்தான். அங்கேர்ந்து ஷேர் ஜீப்ல கௌரிகுண்ட், அதுக்கு மேல நடை, இல்லன்னா குதிரை, டோலி. அந்த நடைபாதை 14 கிலோமீட்டர்னு சொல்றது 2013 வெள்ளத்துக்கு முந்தின கணக்கு. வழில இருந்த ராம்பாடா ஊரையே வெள்ளம் அடிச்சிட்டுப் போனதால இப்ப பாதை அங்க மந்தாகினி ஆத்தைத் தாண்டி எதிர்க்கரைல ஏறுது, 16க்கு மேல வரும். கோயில் இருக்கறது சுமார் 3,580 மீட்டர் உயரத்துல, தலைவலி, வாந்தின்னு வந்தா மாத்திரை போட்டுட்டு மேல ஏறாம உடனே கீழ இறங்கணும். யாத்திரை ரிஜிஸ்ட்ரேஷனும் கட்டாயம், அதையும் பதிவுல சேத்துடுங்க.