மலேசியா அப்பாவும் வெள்ளவத்தை மாமிமாரும்

தொடர்நாடகங்களைப் பற்றிய வாக்குவாதம் நம்மவர்களிடையே எப்போது எழுந்தாலும் அது இரண்டு வசனங்களுக்குள் சிக்கிக்கொள்கிறது. ஒருவர் "இதில் ஒரு லொஜிக்கும் இல்லை" என்பார். மற்றவர் "பொழுது போவதற்குத்தானே பார்க்கிறோம், லொஜிக் எதற்கு" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். மறுநாள் இரவு இருவரும் அதே நாடகத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். இந்த இரண்டு கட்சியோடும் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில், மூன்று தலைமுறையினர் ஒரே ரிவியின் முன்னால் கூடுகின்ற இடத்தில் இருந்து கவனித்து வந்ததில், நம்பகத்தன்மை பற்றிப் பார்வையாளரிடம் மிகவும் கறாரான சட்டமொன்று இருக்கிறது என்றும், அவர்களுடைய ரசனை அந்தச் சட்டத்தின் மீதுதான் நிற்கிறது என்றும் எனக்குப் படுகிறது. நடக்க முடியாத சம்பவத்தை நாம் தாராளமாக மன்னித்துவிடுகிறோம். ஒரு பாத்திரம் தன் இயல்புக்குச் செய்யவே மாட்டாத காரியத்தை அதைக்கொண்டு செய்விப்பதைத்தான் மன்னிப்பதில்லை.

2023 ஜனவரியில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சிறகடிக்க ஆசை' இதற்கு நல்ல உதாரணம். அதில் வரும் ரோகிணிக்கு ஏற்கெனவே ஒரு திருமணம் நடந்திருக்கிறது, ஒரு மகனும் இருக்கிறான். இதையெல்லாம் மறைத்து, மலேசியாவில் பெரும் பணக்காரராக இருக்கும் ஒருவரின் மகள் தான் என்று சொல்லி, விஜயாவின் செல்ல மகன் மனோஜை அவள் மணம் முடிக்கிறாள். பொய்யைக் காப்பாற்றுவதற்காக இறைச்சிக் கடைக்காரர் ஒருவரை மலேசியா மாமாவாகக் கூட்டிக்கொண்டு வந்து நடிக்க வைக்கிறாள். எங்கள் வீட்டில் இந்தக் கதையைப் பற்றி நடந்த வாதத்தை அப்படியே எழுதலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் லொஜிக் என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எத்தனை விதமான கேள்விகளை என்பது அதில் தெரிகிறது.

என் மாமி ஓய்வுபெற்ற ஆசிரியை, சொந்த ஊர் கரவெட்டிப் பக்கம். முருங்கைக் கீரையை உருவியபடி நாடகம் பார்ப்பவர், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "உந்தப் பெடிச்சி எந்த ஊர், ஆற்றை பிள்ளை எண்டு ஒருத்தரும் விசாரிக்கேல்லையே? சாதகம் பாக்கேக்க பிறந்த இடம், நேரம் எல்லாம் கேட்டிருப்பினமே. எங்கடை ஆக்கள் எண்டால் ரெண்டு நாளிலை கோலாலம்பூரிலை இருக்கிற ஆரையும் பிடிச்சு வீட்டு வாசலுக்கே அனுப்பியிருப்பினம்."

கீழ் மாடியில் இருக்கும், ஹட்டனிலிருந்து வந்து கொழும்பில் நிலைத்துவிட்ட அக்கா ஒருவர் அன்று எங்களோடு உட்கார்ந்திருந்தார். அவர் விடவில்லை. "டீச்சர், பணக்கார வீட்டுப் பொண்ணுன்னு சொன்ன உடனே அந்தம்மாவுக்கு வேற எதுவுமே கண்ணுல படல. விசாரிச்சா சம்பந்தம் கை நழுவிப் போயிருமோன்னு பயம். பேராசைக்காரங்க விசாரிக்க மாட்டாங்க."

"அப்பம்மா, ஃபேஸ்புக்கில பேரைப் போட்டுப் பார்த்தாலே போதுமே" என்று மகள் நடுவில் புகுந்தாள். அதை இருவருமே பொருட்படுத்தவில்லை.

கவனியுங்கள். மாமியின் ஆட்சேபமும் அந்த அக்காவின் சமாதானமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. விஜயா என்ற பெண் இப்படி நடந்துகொள்வாளா என்பதுதான் இருவரின் கேள்வியும். மாமி தன் ஊரின் வழக்கத்தை வைத்து நடக்காது என்கிறார். மற்றவர் விஜயாவின் குணத்தை வைத்து நடக்கும் என்கிறார். இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் ஒரு குடும்பத்தையே ஏமாற்றிவிட முடியுமா என்ற கேள்வியை, உண்மையில் எல்லாவற்றிலும் நம்பமுடியாத அந்தக் கேள்வியை, யாருமே கேட்கவில்லை. அவர் எப்போது வாய் தவறிவிடுவாரோ என்று எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த அக்கா சொன்னதுதான் சரி. வெளிநாட்டு மாப்பிள்ளை என்ற ஒரே தகுதியில் விசாரணையே இல்லாமல் முற்றாகிப்போன சம்பந்தங்களையும், விமானம் ஏறிப் போன பிறகு 'மனேஜர்' வேலை உண்மையில் என்ன வேலை என்று தெரியவந்த கதைகளையும் நம் சமூகம் காணாததல்ல. மாமிக்கும் அது தெரியும்; அதனால்தான் அடுத்த நாளும் பார்த்தார்.

இதற்கு நேரெதிரான அனுபவம் 'பாரதி கண்ணம்மா'வில் கிடைத்தது. 2019 இல் தொடங்கிய அந்த நாடகத்தில் பாரதி ஒரு வைத்தியர். தனக்குக் குழந்தை பிறக்காது என்ற தவறான நம்பிக்கையில் கர்ப்பிணியான மனைவியின் மீது சந்தேகப்படுகிறார். கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டு நடக்கிறாள், நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள். அந்த நடையை வைத்து 2020 இல் வந்த மீம்ஸ்களைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அந்த நடை யாருக்கும் கோபமூட்டவில்லை. மனம் உடைந்த ஒரு பெண் எங்கே போவதென்று தெரியாமல் நடப்பாள் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எத்தனை நாளுக்கு என்பதில்தான் சிரிப்பு வந்தது. கோபம் வந்தது வேறிடத்தில். ஒரு வைத்தியர், அதுவும் ஆஸ்பத்திரியிலேயே நாளைக் கழிப்பவர், குழந்தைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயதாகியும் ஒரு டீ.என்.ஏ. பரிசோதனை செய்துபார்க்க நினைக்கவில்லை. சந்தேகப்படுகிற ஆள் ஆதாரம் தேடுவான்; அது சந்தேகத்தின் இயல்பு. இவரோ சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆதாரத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பாத்திரத்தை முட்டாளாக்கினால்தான் கதை நீளும் என்பதால் முட்டாளாக்கினார்கள். பார்ப்பவரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள் என்ற எண்ணம்தான் கசந்தது.

நம்பமுடியாதது என்று ஒருவர் தள்ளுவது இன்னொருவருக்குச் சொந்த அனுபவமாக இருப்பதும் உண்டு. சன் தொலைக்காட்சியின் 'எதிர்நீச்சல்' 2022 பெப்ரவரியில் தொடங்கியது. அடுத்த மாத முடிவில் இங்கே ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. ஆகவே அதன் முதற்பகுதியை எங்கள் மாடியில் பலர் கைத்தொலைபேசியில் துண்டு துண்டாகத்தான் பார்த்தோம். படித்த பெண்கள் ஒரு வீட்டில் மருமக்களாக வந்து, மூத்தவர் ஆதி குணசேகரனின் சொல்லுக்கு அடங்கிச் சமையலறைக்குள் முடங்கியிருப்பதுதான் கதை. என் மகளும் அவளுடைய சிநேகிதிகளும் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. இத்தனை பேர் சேர்ந்து ஓர் ஆளுக்குப் பயந்திருப்பார்களா, கதவைத் திறந்துகொண்டு போக வேண்டியதுதானே என்றார்கள். மாமி அதற்குச் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: "சம்பளக் கவரைப் பிரிக்காமல் புருசன்ரை கையிலை குடுத்த ரீச்சர்மாரோடை நான் படிப்பிச்சனான். அவையளும் பட்டதாரியள்தான்."

மகளுக்குப் பொய்யாகத் தெரிந்தது மாமிக்குத் தன் ஓய்வறையில் கூடவே உட்கார்ந்து தேநீர் குடித்த உண்மை. குணசேகரனாக நடித்த மாரிமுத்து அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த உடல்மொழி, அந்த "ஏய், இந்தாம்மா", பேசி முடித்த பிறகு மற்றவர் பதில் சொல்லத் தேவையில்லை என்பதுபோல் திரும்பிக்கொள்ளும் விதம் எல்லாம் அந்த உண்மைக்கு வலுச் சேர்த்தன. 2023 செப்டெம்பர் 8 ஆம் திகதி அவர் காலமானார். பின்னர் வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். முகம் மாறியதை எங்கள் வீட்டில் இரண்டொரு வாரத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 'இவருக்குப் பதில் இவர்' என்ற அட்டையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது பெரிய தடையே இல்லை. குணசேகரன் இந்த இடத்தில் இப்படி அதட்டியிருக்க மாட்டார், சிரித்துவிட்டுக் குத்தியிருப்பார் என்ற வகையான முணுமுணுப்புத்தான் நெடுநாள் கேட்டது. வேறு முகத்தோடு அதே ஆள் இருக்கலாம். அதே ஆள் வேறு விதமாகப் பேசக்கூடாது. வேல ராமமூர்த்தியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மற்றவர் உருவாக்கிய பாத்திரத்துக்குள் பாதியில் நுழைவது எந்த நடிகருக்கும் கொடிய சோதனை.

இங்கே வழக்கமாக ஓர் ஆண்குரல் எழும்பும்: பெண்கள்தான் இந்த அபத்தங்களைச் சகித்துக்கொண்டு பார்க்கிறார்கள் என்று. கதாநாயகன் ஒரே அடியில் இருபது பேரைப் பறக்கவிடும் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி போய் விசிலடிப்பவர்கள் இதைச் சொல்லும்போது பதில் சொல்லவும் அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் அந்த ஒப்பீட்டில் ஒரு விஷயம் இருக்கிறது. படத்தின் பொய் இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. நாடகத்தின் பொய் திங்கள் முதல் சனி வரை வீட்டுக்குள் வந்து இருக்கிறது; ஆண்டுக்கணக்கில் அதோடு குடித்தனம் நடத்த வேண்டும். முதல் வாரத்தில் ரோகிணியின் பொய்யை ரசித்த அதே மனம், நூறாவது வாரத்தில் இந்த வீட்டில் ஒருவருக்கும் மூளை இல்லையா என்று கேட்கிறது. பொய் அப்படியேதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் இருப்பதற்கு மற்றவர்கள் எல்லோரும் தங்கள் இயல்பை விட்டுக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மனோஜின் தம்பி முத்துவைப்போல ஒரு கூர்மையான ஆள் எத்தனை தடவைதான் வாசல்வரை வந்து திரும்பிப் போவான்?

நீட்டுவதற்கான காரணம் ஒன்றும் இரகசியமல்ல. இந்தியாவில் பார்க் என்ற நிறுவனம் வாரந்தோறும் வெளியிடும் டி.ஆர்.பி. புள்ளிகள்தான் எந்தப் பாத்திரம் வாழும், எந்தக் கதைக்கிளை வாடும் என்பதைத் தீர்மானிக்கின்றன. புள்ளி ஏறும்போது இரகசியத்தை உடைக்க யாருக்கும் மனம் வராது. உடைத்தால் அடுத்த வாரம் எதைக் காட்டுவது? 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500 அத்தியாயங்களைத் தாண்டியது என்றால், ஒரு கதையின் தேவைக்காக அத்தனை அத்தியாயம் ஓடியது என்று எவரும் நம்பமாட்டார். அந்தக் கணக்கில் கொழும்புக்கு இடமே இல்லை என்பது வேறு விஷயம். பார்க் அளப்பது இந்திய வீடுகளை மட்டும்தான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் எத்தனை பேர் பார்க்கிறோம், எந்த இடத்தில் சலித்து எழுந்து போகிறோம் என்பது சென்னையில் உட்கார்ந்து கதை எழுதுகிறவரின் மேசைக்குப் போவதே இல்லை. வாக்குரிமை இல்லாத ஊரில் அரசியல் பேசுவது போலத்தான் நம்முடைய இந்த வாதங்களும்.

ஆயினும் இந்தத் தூரத்தால் நமக்கு ஒரு தனியான பார்வை கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பொலிஸ் நிலையத்தில், நீதிமன்றத்தில், பஞ்சாயத்தில் நடப்பதாகக் காட்டுவதை நாம் அப்படியே விழுங்கிவிடுகிறோம், சரிபார்க்க நமக்கு வழியில்லை. அண்ணன் தம்பிமார் நாலு பேர் மனைவி மக்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் நமக்கு இடறுகிறது. எங்கள் மாடியில் அப்படி ஒரு வீடு இல்லை. ஒரு மகன் ஸ்காபரோவில், ஒரு மகள் மெல்பேர்னில், பெற்றோர் இருவர் இங்கே, மாலையில் வட்ஸ்அப் அழைப்பு என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் நிலை. கூட்டுக்குடும்ப நாடகத்தை நம்பமுடியாதது என்று சொல்லிக்கொண்டே அதிகம் விரும்பிப் பார்ப்பவர்கள் இப்படித் தனித்துப்போன வீட்டுக்காரர்கள்தான் என்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். சண்டை பிடிக்கவும் வீட்டில் ஆள் வேண்டுமே.

நமக்கென்று நம் பேச்சில் கதை சொன்ன காலமும் இருந்தது. இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஒலித்த நாட்களில் இருந்தவர்கள், அதைப் பற்றிப் பேசும்போது கதையைவிட அந்தக் குடும்பம் பேசிய விதத்தைத்தான் அதிகம் நினைவுகூர்கிறார்கள். அந்த ஆட்களை அடுத்த வீட்டில் காணலாம் என்பதுதான் அதன் நம்பகத்தன்மை. இன்று இங்கே தமிழில் தொடர் தயாரிப்பதைவிட இந்தியத் தொடரை வாங்கிப் போடுவது மலிவு என்ற கணக்கின் முன்னால் அந்த மரபு நின்றுபிடிக்கவில்லை. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது 'அய்யனார் துணை'யைப் பற்றிய தகராறு. 2025 ஜனவரியில் தொடங்கியது. பெண்ணே இல்லாத ஒரு வீடு, தகப்பனும் நாலு மகன்மாரும். அங்கே நிலா என்ற பெண் மருமகளாக வந்து சேர்கிறாள். சோழனுக்கும் அவளுக்கும் கலியாணம் நடந்த விதத்தை மாமி இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளப் போவதுமில்லை. ஆனால் தாயில்லாத தம்பிமாரைத் தாயின் இடத்தில் நின்று பார்க்கும் மூத்தவன் சேரன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவைக்கும் காட்சி வந்தால், கலியாணம் பற்றிய வழக்கு அன்றைக்கு ஒத்திவைக்கப்படும். மூத்தவன் அப்படித்தான் இருப்பான் என்பது மாமியின் கட்சி. நாலு ஆம்பிளைகள் உள்ள வீட்டுக் குசினி அவ்வளவு துப்புரவாக இருக்காது என்பது என்னுடைய கட்சி. இதில் நான் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.