364 ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா?

என்னைக் கேட்காமலே ஒரு ஓட்டல் சர்வீஸ் சார்ஜ் என்று 364 ரூபாய் சேர்த்த பில்லைப் படம் எடுத்து ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்தேன், அதன் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டிப்ஸ் கொடுக்க மாட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. என்னைக் கேட்காமல் என் பில்லில் ஏற்றாதீர்கள் என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றா?

சாப்பாடு 3,640 ரூபாய். அதன் மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 364. இரண்டையும் கூட்டி, அந்த 4,004 ரூபாய்க்கு ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி. கடைக்காரர் தானாகப் போட்டுக்கொண்ட தொகைக்கும் சேர்த்து நான் வரி கட்ட வேண்டும். பில்லில் அந்த சர்வீஸ் சார்ஜ், மத்திய, மாநில அரசுகளின் வரிகளான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிக்கு மேலே, அதே எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாதிப் பேர் அதையும் அரசாங்க வரி என்று நினைத்துத்தான் கட்டிவிட்டு வருகிறார்கள்.

"சர்வீஸ் சார்ஜ் உண்டு என்று மெனு கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். படித்தேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதையும் படித்திருக்கிறேன். ஓட்டல்கள் தாமாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கின. 2025 மார்ச்சில் அந்த வழக்குகள் தள்ளுபடி ஆயின, சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விழுந்தது. மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள், போகட்டும். விருப்பப்பட்டால் கட்டினால் போதும் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, மெனுவில் எந்த எழுத்தில் அச்சடித்தால் எனக்கென்ன?

அடுத்தது, "சர்வர்கள் பாவம், அவர்கள் வயிற்றில் அடிக்கிறாய்." இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் அப்பா திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஓட்டலில் சப்ளையராக இருந்தவர். இடது கையில் நான்கு தோசைத் தட்டை அடுக்கிக்கொண்டு, வலது கையில் சாம்பார் வாளியோடு டேபிளுக்கு டேபிள் ஓடியவர். தினமும் காலையில் காபி குடிக்க வரும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் டபராவுக்குக் கீழே ஒரு ரூபாய் வைத்துவிட்டுப் போவாராம். அதைப் பற்றி அப்பா சாகும்வரை பேசினார். வைக்காமல் போனவர்களையும் மறுநாள் அதே மாதிரிதான் கவனித்தார். ஒரு முதலாளி, டிப்ஸை எல்லாம் கல்லாவில் உண்டியல் வைத்துப் போடுங்கள், மாசக் கடைசியில் பிரித்துத் தருகிறேன் என்றார். போட்டார்கள். பிரிக்கும்போது பாதிகூட வரவில்லை. அப்பா அந்தக் கடையை விட்டே வந்துவிட்டார். சப்ளையரின் காசு எங்கே போகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

சமையல்கட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு போக வேண்டாமா என்கிறீர்கள். போகட்டும். சம்பளமாகக் கொடுங்கள், தேவைப்பட்டால் சாப்பாட்டு விலையை ஏற்றுங்கள். விலையைப் பார்த்துவிட்டு உட்காருவதா எழுந்து போவதா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்றும் கேளுங்கள். அந்த சர்வீஸ் சார்ஜை எடுத்துவிடுங்கள் என்று மெதுவாகத்தான் கேட்டேன். கேப்டன் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்து, பக்கத்து டேபிள்கள் திரும்பிப் பார்க்கும்படி, "கட்ட முடியலைன்னா எடுத்துடறோம் மேடம், நோ இஷ்யூஸ்" என்றார். முடியலைன்னா! கட்ட விருப்பமில்லை என்பதற்கும் முடியவில்லை என்பதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாதா? அம்மா என் கையைப் பிடித்து, "குடுத்துட்டு வாடி, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். அம்மாவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாள் அது. கத்தரிப்பூ நிறச் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு, மெனுவில் விலையைப் பார்த்துப் பார்த்துத் தனக்கு ஒரு சூப் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவரை அந்த நுங்கம்பாக்கத்துக் கண்ணாடி அறைக்குள் கூனிக் குறுக வைத்துவிட்டார்கள்.

"நாலாயிரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு 364க்கு அழுகிறாயா, உனக்கெல்லாம் கையேந்தி பவன்தான் சரி" என்று எழுதியவர்களே, கையேந்தி பவனில் தட்டை நீட்டும் அண்ணன் ஒரு ரூபாய்கூடக் கேட்காமல் எடுத்துக்கொள்ள மாட்டார். இன்னொரு கரண்டி சட்னிகூடச் சிரித்துக்கொண்டே ஊற்றுவார். ஏசி போட்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டால் கணக்குக் கேட்பது கேவலம் என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இது 364 ரூபாய் பற்றிய சண்டையே இல்லை. கேட்டால் மானம் போகும் என்று பயந்து நாம் வாயை மூடிக்கொள்வோம் என்று தெரிந்துதான் அந்த சர்வீஸ் சார்ஜைப் போடுகிறார்கள். எங்களை மாதிரி முதல் தடவை உள்ளே வருகிறவர்கள் வாயே திறக்க மாட்டோம் என்பது அவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

கடைசியில் பில்லைத் திருத்திக் கொடுத்தார்கள். எங்களைக் கவனித்தது அசாமிலிருந்து வந்திருக்கும் ஒரு சின்னப் பையன். அம்மா ஒரு தடவை இருமியதும், சொல்லாமலே வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். அவன் கையில் நானூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கவில்லை. மேலே கேமராவைக் கண்ணால் காட்டி, "மேனேஜர் திட்டுவார் அக்கா" என்றான். சர்வீஸ் சார்ஜ் அவனுக்குத்தான் போகிறது என்று எழுதியவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டேன். கடைப் பெயரைக் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். பெயர் வெளியே வந்தால் முதலில் வேலை போகப்போவது அந்தப் பையனுக்குத்தான்.