அவர் கைக்காசு ஒரு வெள்ளிகூடப் போகவில்லை

பல வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த அலுவலகத்தில், பக்கத்து மேசைப் பெண், எங்கள் மேலாளர்மீது புகார் கொடுத்தாள். ராத்திரி பதினொன்றரைக்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை எனக்குக் காட்டியபோது அவள் கை நடுங்கியது. இரண்டே மாதத்தில் நிறுவனம் ஒரு தொகையைக் கொடுத்து, வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. கடைசி நாளன்று தன் குவளையையும் மேசையில் வைத்திருந்த சின்னப் பிள்ளையாரையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மின்தூக்கிக்கு நின்றாள். "அக்கா, அவரு கைக்காசு ஒரு வெள்ளிகூடப் போகல" என்றாள். அந்த வருடமும் மேலாளருக்கு போனஸ் வந்தது.

கம்பெனிப் பணத்துக்கே வயிறு இப்படி எரிகிறதே, அது மக்கள் வரிப்பணமாக இருந்தால்?

அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. டெக்சஸ் காங்கிரஸ் உறுப்பினர் பிளேக் ஃபேரன்தோல்ட்மீது அவரிடம் வேலை பார்த்த பெண் பாலியல் தொல்லை வழக்குப் போட்டார். அவர் மறுத்தார். வழக்கை முடிக்க 84,000 டாலர் கொடுக்கப்பட்டது, அதுவும் அரசுக் கருவூலத்திலிருந்து. 2017 கடைசியில் விஷயம் வெளியே வந்ததும் திருப்பித் தருகிறேன் என்றார். 2018 ஏப்ரலில் பதவி விலகினார், அப்புறம் தரமாட்டேன் என்றுவிட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அந்த 2018 டிசம்பரிலேயே அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். பாலியல் தொல்லைக்கும், புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதற்கும் இனி உறுப்பினரே கட்ட வேண்டும்.

இதைப் பற்றிப் பேசும்போது தோழி ஒருத்தி கேட்டாள்: "சொந்தக் காசுன்னா அவங்க சமரசத்துக்கே வரமாட்டாங்களே, அந்தப் பொண்ணுதானே வருஷக்கணக்கா அலையணும்?" நியாயமான கேள்வி, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அந்தச் சட்டப்படி பாதிக்கப்பட்டவருக்குக் கருவூலம் முதலில் கொடுத்துவிடும். உறுப்பினர் 90 நாளுக்குள் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும், இல்லையென்றால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பதவியை விட்டுப் போனாலும் கடன் போகாது. காத்திருக்கும் பாரம் அந்தப் பெண்மீது விழாமல் பார்த்திருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. இனம், வயது போன்ற பாகுபாட்டு வழக்குகளை இதில் சேர்க்காமல் விட்டது பெரிய குறை.

இங்கே சிங்கப்பூரில், நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதற்காக 2022இல், எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்த ரயீசா கானுக்கு 35,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். அப்போது அவர் பதவி விலகியிருந்தார், இருந்தும் விடவில்லை. சரி, பொய்க்கு ஒருவர் சொந்தமாகப் பொறுப்பேற்க வேண்டும் என்றால், தன்னிடம் வேலை செய்பவரைத் துன்புறுத்தினால் மட்டும் பணம் வேறு எங்கிருந்தோ வரலாமா? 2025 ஜனவரியில், வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியபோது நான் சந்தோஷப்பட்டேன். அது முதலாளிகளுக்கான சட்டம். சட்டம் இயற்றுகிறவர்களுக்கும், இழப்பீட்டை அவரவர் பையிலிருந்துதான் கட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுத்தில் வேண்டும். பிரச்சினை வந்த பிறகு எழுதினால் ஆளைப் பார்த்துத்தான் எழுதுவார்கள், இப்போதே எழுதட்டும்.

அடுத்த மக்கள் சந்திப்பில், எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் எண் வாங்கிக்கொண்டு உட்காரப் போகிறேன். எங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைத்தான் கேட்பேன்.