அந்த ஆங்கிலக் கெட்ட வார்த்தைக்கும் அரசனுக்கும் சம்பந்தமில்லை

பழைய இங்கிலாந்தில் தம்பதிகள் உடலுறவு கொள்ள அரசனிடம் அனுமதி வாங்கி, அந்த அனுமதியைச் சொல்லும் பலகையை வாசலில் தொங்கவிட வேண்டுமாம். பலகை வாசகத்தின் முதலெழுத்துகளே ‘எஃப்’ கெட்ட வார்த்தையானதாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

அப்படியொரு சட்டத்துக்குச் சான்றே இல்லை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்வதும் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. உண்மையில் இந்தக் கெட்ட வார்த்தை ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல். டச்சு மொழியில் இதற்கு உறவுச் சொல் உண்டு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் துறவிகளைக் கேலி செய்த பாட்டொன்றில், ஒவ்வொரு எழுத்துக்கும் அகரவரிசையின் அடுத்த எழுத்தைப் போட்டு இதை மறைத்து எழுதியிருக்கிறார்கள். அப்போதே அவ்வளவு கூச்சம்! ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1972இல்தான் இதைச் சேர்த்தது. அதன் சொற்பிறப்புக் குறிப்பிலேயே சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.