தோலிலிருந்து நூல் வருகிறது என்பவர்களிடம் என்ன சொல்வது?

மோர்கெலான்ஸ் என்று ஒரு நோய் இருக்கிறதா இல்லையா என்று அமெரிக்காவில் இருபது வருடத்துக்கும் மேலாகச் சண்டை ஓடுகிறது. பூச்சி ஊர்கிற மாதிரி அரிப்பு, ஆறாத புண்கள், அந்தப் புண்களிலிருந்து நீலம், சிவப்பு, கறுப்பு என்று மெல்லிய நூல்கள். பாதிக்கப்பட்டவர்கள் சொல்வது இதுதான். பாடகி ஜோனி மிட்செலும் தனக்கு இது இருப்பதாக 2010-இல் ஒரு பேட்டியில் சொன்னார்.

பெயர் வைத்தது டாக்டர் இல்லை, மேரி லெய்டாவோ என்ற அம்மா. உயிரியல் படித்தவர். இரண்டு வயது மகனின் உதட்டுக்குக் கீழே இருந்த புண்ணை ஒரு பொம்மை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நார்கள் தெரிந்தன. டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். அவருடைய மனநிலையையே சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 2002-இல், 17-ஆம் நூற்றாண்டு மருத்துவர் தாமஸ் பிரவுன் எழுதிய ஒரு கடிதத்திலிருந்து இந்தப் பெயரை எடுத்தார். பிரவுன் எழுதியது பிரெஞ்சுக் குழந்தைகளின் முதுகில் முளைத்த முரட்டு முடியைப் பற்றி. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது வேறு விஷயம்.

புகார்கள் குவிந்ததும் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஆய்வில் இறங்கியது. வட கலிஃபோர்னியாவில் இந்தப் புகார் உள்ள 115 பேரைக் கண்டுபிடித்தார்கள். 2012-இல் முடிவு வந்தது. ஒட்டுண்ணி கிடைக்கவில்லை, தொற்றுக்கான அடையாளமும் இல்லை. தோலிலிருந்து எடுத்தவற்றில் பெரும்பாலானவை செல்லுலோஸ், அநேகமாகப் பருத்தி. அதாவது சட்டை, போர்வை, துண்டு.

எனக்கு இந்த முடிவில் சந்தேகம் இல்லை. யோசித்துப் பாருங்கள். அரிக்கிறது, சொறிகிறோம். தோல் கிழிந்து பிசுபிசுவென்று நீர் கசிகிறது. படுக்கை விரிப்பின் இழை அதில் ஒட்டுகிறது, மேலே பொருக்குக் கட்டுகிறது. இரண்டு நாள் கழித்துப் பொருக்கைப் பிய்த்து லென்ஸில் பார்த்தால், தோலுக்குள்ளிருந்து நீல நூல் எட்டிப் பார்ப்பது போலத்தான் தெரியும். கண்ணில் பட்டதை யார் இல்லையென்பது? பயம் வரும், இன்னும் தோண்டுவோம், புண் பெரிதாகும். இதில் புத்திக் குறைவு எதுவும் இல்லை.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்த 115 பேரில் 70 சதவீதத்தினர் தீராத களைப்பு என்றார்கள். தங்கள் உடல்நிலை சுமார் அல்லது மோசம் என்றவர்கள் பாதிக்கும் மேல். செய்தியில் வந்ததென்னவோ 'எல்லாம் மனப்பிரமை' என்பது மட்டும்தான்.

தோல் மருத்துவத்தில் 'தீப்பெட்டி அடையாளம்' என்று ஒன்று உண்டு. தோலிலிருந்து எடுத்ததை நோயாளி சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தால், பூச்சி இருப்பதாக நம்பும் மனக்கோளாறு என்று சந்தேகிக்க வேண்டுமாம். சரி, மாதிரி கொண்டு வராவிட்டால் ஆதாரம் எங்கே என்பீர்கள், கொண்டு வந்தால் அதுவே நோய் என்பீர்கள். நோயாளி என்னதான் செய்வார்? அந்த டப்பாவை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்து, அவரையும் பார்க்கச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அப்புறம் தைராய்டு, ஈரல், சர்க்கரை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் என்று அரிப்புக்கு இருக்கும் நிஜக் காரணங்களையும் தேட வேண்டும்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். உண்ணிக் கடியால் வரும் லைம் நோயை உண்டாக்கும் பொரீலியா கிருமிதான் காரணம் என்று ஒரு சிறு ஆய்வுக் குழு எழுதிவருகிறது. பெரும்பாலான தோல் மருத்துவர்கள் ஏற்கவில்லை. அதை நம்பி மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்குவது எனக்கு ஆபத்தாகவே படுகிறது.

ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகளைக் குறைந்த அளவில் கொடுத்தால் பலருக்கு அரிப்பும் பயமும் அடங்குகின்றன. என்ன மருந்து என்று விளக்காமல் 'அரிப்புக்கு' என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பாரும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மருந்துக்கடை வாசலிலேயே போனில் பெயரைத் தேடிப் பார்ப்பார்கள், மனச்சிதைவு என்று முதல் வரியிலேயே இருக்கும். அதோடு அந்த டாக்டரை மட்டுமல்ல, எல்லா டாக்டர்களையும் கைவிட்டு, மாட்டுக்குப் போடும் குடற்புழு மருந்தைச் சிபாரிசு செய்யும் யூடியூப் ஆளிடம் போய்ச் சேருவார்கள்.