பொறியியல் சேர்க்கை: நாலு வருஷக் கணக்கும் ஒரே வரியில் இருக்கிறது

பிளஸ் டூ ரிசல்ட் வருமுன்பே கல்லூரி ஆட்கள் வீடு தேடி வந்துவிடுகிறார்கள். நோட்டீஸில் '100% பிளேஸ்மென்ட்' என்றிருக்கும். எத்தனை பேரில் 100 என்று கேளுங்கள். அரியர் (ஃபெயிலாகி நிலுவையில் இருக்கும் பேப்பர்) இல்லாமல், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வைத்திருப்பவர்களை மட்டும் 'தகுதியானவர்கள்' என்று எடுத்துக்கொண்டு கணக்குச் சொல்வது வழக்கம். 120 பேர் சேர்ந்த துறையில் அப்படி 50 பேர் தேறி, அத்தனை பேருக்கும் ஆஃபர் வந்துவிட்டால் அது 100%. மிச்சம் 70 பேர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் என்ஐஆர்எஃப் (NIRF) தரவரிசையில் கலந்துகொள்ளும் கல்லூரி, தான் கொடுத்த விவரத்தைத் தன் இணையதளத்திலேயே போட வேண்டும். அதில் ஒரே வரியில் முதலாண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம் (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை), மேற்படிப்புக்குப் போனவர்கள் எல்லாம் இருக்கும். கல்லூரியே சொல்லும் கணக்குதான், ஆனாலும் பேனரைவிட எவ்வளவோ மேல். சேர்ந்தவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் இடையில் எவ்வளவு பேர் குறைகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஏன் குறைகிறார்கள்? என் பார்வையில் பாதிக்கு மேல் முதல் செமஸ்டரிலேயே முடிவாகிவிடுகிறது. அண்ணா பல்கலையின் 2021 விதிமுறைப்படி இணைப்புக் கல்லூரிகளில் தியரிக்கு இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 40, பல்கலை நடத்தும் செமஸ்டர் தேர்வு 60. மொத்தத்தில் 50 எடுத்தால் மட்டும் போதாது, செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் முழு 40 வாங்கியவரும் செமஸ்டரில் 100க்கு 44 எடுத்தால் ஃபெயில்தான். இது தெரியாமல் இன்டர்னலை நம்பி இருந்துவிடுகிறார்கள். முதல் செமஸ்டர் மேத்ஸில் விழுந்த அரியர், அடுத்த செமஸ்டரின் புதுப் பாடங்களோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பாடமும் கூடவே சுமை. கம்பெனிகள் வரும்போது நிலுவையில் ஒரு பேப்பர் இருந்தாலே பல இடங்களில் கதவு மூடிவிடும். முதல் இன்டர்னல் தேர்வின் மதிப்பெண் வந்த வாரமே தடுமாறுபவர்களைக் கூப்பிட்டுப் பேசாத கல்லூரி, நாலாம் வருஷம் நடத்தும் ஆப்டிட்யூட் பயிற்சியால் பெரிதாக எதையும் மாற்றிவிட முடியாது.

சேரும்போது இரண்டு எச்சரிக்கை. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டினால் அது போச்சு. ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட அறிவிப்பு. யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

படிப்பு முடிந்ததும் புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்), டி.சி., மொத்த மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று அன்றே பாருங்கள். கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும், ஆனால் வட்டி படிக்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும். வேலை கிடைக்காதவர்கள் அந்த ஒரு வருஷத்தை வீட்டில் கழிக்காமல் மத்திய அரசின் தொழில் பழகுநர் திட்டமான நாட்ஸ் (NATS) தளத்தில் பதிந்து, உதவித்தொகையோடு அப்ரண்டிஸாகச் (தொழில் பழகுநராக) சேரலாம். அதை நடத்தும் தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது.