‘ஆக்சிஜன் இல்லாமல் யாரும் சாகவில்லை’ என்று அமைச்சர் சொன்னாரா?

‘ஆக்சிஜன் பற்றாக்குறையால் நாட்டில் ஒருவர்கூட இறக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு அறிவித்தது’ என்ற கொரோனா காலத்துச் செய்தி வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றுகிறது. பாதிதான் சரி.

2021 ஜூலை 20 அன்று, காங்கிரஸ் எம்.பி. கே.சி. வேணுகோபால் கேட்ட கேள்விக்கு மாநிலங்களவையில் சுகாதாரத் துறை இணையமைச்சர் பாரதி பிரவீன் பவார் எழுத்துப்பூர்வமாகப் பதிலளித்தார். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் வருகிறது; ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் தனியாக எதையும் தெரிவிக்கவில்லை என்பதே அந்தப் பதில். ‘சாவே இல்லை’ என்பது வேறு, ‘எங்களுக்குத் தகவல் வரவில்லை’ என்பது வேறு. பொறுப்பை மாநிலங்கள் பக்கம் தள்ளிவிட்ட சாமர்த்தியமான பதில்தான், திட்டலாம். ஆனால் அதே பதிலில், முதல் அலையில் உச்சத்தில் நாளொன்றுக்கு 3,095 டன்னாக இருந்த ஆக்சிஜன் தேவை இரண்டாம் அலையில் ஏறக்குறைய 9,000 டன்னுக்கு எகிறியதையும் அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஃபார்வர்டில் அந்த வரி மட்டும் காணோம்.